காந்தத்துக்குப் பின்னால் இருந்தவள்

ஆமெலாந்து தீவு
8 நவம்பர் 1977

ஹார்மென்,

யெல்மெர் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். தேடி அலையாதே. தொலைபேசியிலும் கூப்பிடாதே. இங்கே தொலைபேசி நடைவழியில் இருக்கிறது, நான் பேசுவதை வீடு முழுக்கக் கேட்கும். அது மட்டும் காரணமில்லை. உன் குரலைக் கேட்டால் நீ சொல்வதை நம்பிவிடுவேன். எழுத்து என்றால் ஆறப்போட்டு மறுபடியும் படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதை மறந்துவிட்டு, கூட வேலை பார்க்கிறவனாக இதைப் படி.

முந்தின நாள் உணர்கருவியில் ஒரு கம்பி அறுந்துபோனது. அதை மாற்றத்தான் துகள் கற்றை வந்து மோதும் கூடத்துக்குள் போனேன். மாற்றி, வாயு நிரம்பும்வரை காத்திருந்து, உள்ளிருந்த தொலைபேசியில் உன்னைக் கூப்பிட்டேன். “முடிஞ்சுது, கருவிக்கு மின்சாரம் குடு. நான் வந்துடுறேன்” என்றேன். எழுந்தபோது தலை சுற்றியது. வாந்தி வரும்போல இருந்தது. காந்தத்துக்குப் பின்னால், இரும்புக்கும் சுவருக்கும் நடுவே, முழங்காலில் தலையை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கற்றை வரப்போகிறது என்று எச்சரிக்கும் சங்கு ஊதியது கேட்டது. வாரம் முழுக்கப் பக்கத்துக் கூடத்துச் சங்கு அலறிக்கொண்டிருந்ததால் அதுதான் என்று நினைத்தேன். பிறகு கான்கிரீட் கதவு உருண்டு மூடியது. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

நிறுத்தும் பொத்தான் வாயு உருளைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. யாரோ உருளைகளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்த எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. கதவு திறந்தபோது நீ நின்றுகொண்டிருந்தாய். நீ சிரித்தாய், ஹார்மென். பயத்தில்தான் சிரித்தாய் என்று தெரியும். “அட, நீ உள்ளயா இருந்தே? ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை” என்றாய். கூடத்தைச் சுற்றி வந்து யாரும் இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நீ.

என்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்லவேண்டிய பட்டை என் கோட்டில் குத்தியிருந்தது. கோட்டு உன் பக்கத்து நாற்காலியில் தொங்கியது.

தலை சுற்றியது எதனால் என்று நீ கேட்கவில்லை. நான் கர்ப்பமாக இருக்கிறேன். இரண்டு மாதம் ஆகப்போகிறது. எனக்கே அந்த வாரம்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன்.

இப்போது எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். அன்று உள்ளே வந்தது எந்தத் துகள்? அன்று மத்தியானம் இயந்திரத்தை ஓட்டிய லுப்பெர்ட் ஹீலியத்திலிருந்து கன ஹைட்ரஜனுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஹீலியம் என்றால் ஆல்ஃபா துகள்கள்; எனக்கு அவ்வளவு ஆபத்தில்லை. மற்றது என்றால் டியூட்ரான்கள். அவை மோதின இடத்திலெல்லாம் உடைந்து நியூட்ரான்களை இறைக்கும். அந்த நியூட்ரான் இரும்பையும் தாண்டி வரும், என்னையும் தாண்டிப் போகும்.

உணர்கருவியின் பதிவு நாடா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் படித்துப் படத்தை அனுப்பு. உன் வார்த்தை வேண்டாம், படம் வேண்டும்.

ரென்ஸ்கே

*

குரோனிங்கன்
11 நவம்பர்

ரென்ஸ்கே, என் கண்ணே,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மேல்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். “அப்பாவாகப் போறேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

நான் சிரித்ததைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ போனில் வந்துவிடுகிறேன் என்றாய். வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். கழிவறைக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன்.

லுப்பெர்ட்டிடம் கேட்டேன். அவர் காபியைக் கீழே வைத்தார். “ஹீலியம்னுதான் நினைக்கிறேன். ஆனா என் நினைப்பை நம்பி யாரும் வீடு கட்டாதீங்க” என்றார். உனக்கே தெரியும், இரண்டுக்கும் இயந்திரத்தில் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். திருகைக் கொஞ்சம் திருப்பினால் ஒன்று போய் மற்றது வந்துவிடும். நம் காந்தமும் இரண்டையும் ஒரே மாதிரிதான் வளைக்கும். நாடாவில்தான் பார்க்கவேண்டும். கணினியில் நமக்கு முறை அடுத்த வாரம்தான். கெஞ்சிக் கூத்தாடி முன்னால் வாங்கப் பார்க்கிறேன்.

அதுவரை நன்றாகச் சாப்பிடு. உனக்குப் பிடித்த உப்பு மிட்டாய் இதோடு வருகிறது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடலாமா என்று கடைக்காரியிடம் கேட்டேன். அவள் நாலு பெற்றவளாம், நாலுக்கும் தின்றாளாம். எல்லாம் சரியாகிவிடும். உன் அண்ணன் கேட்டால் என்மேல் கோபப்பட வேண்டாம் என்று சொல்.

உன் ஹார்மென்

*

ஆமெலாந்து
16 நவம்பர்

ஹார்மென்,

அண்ணன் கேட்டார். படகு துறையை விட்டுக் கிளம்பும்போது சங்கு ஊதும். முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு நான் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டேன். மறுநாளும் உடல் அப்படியே விறைத்தது. நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். அண்ணன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். படகு எஞ்சின்களோடு வாழ்கிறவர் அவர், அதிகம் பேசமாட்டார். “சங்குக்கு இப்படி நடுங்குறியே. அங்க என்னதான் நடந்துச்சு?” என்றார். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “கதவைச் சாத்தினது யாரு?” என்றார். என்னால் உன் பெயரைச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நேற்று லேயுவார்டன் போய் டாக்டர் வீர்ஸ்மாவைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். எதையும் மழுப்பிப் பேசாத பெண். “எவ்வளவு பட்டுச்சுன்னு தெரியாம நான் எதுவும் சொல்லக் கூடாது. கொஞ்சம்னா கவலைப்பட வேண்டாம். நிறையன்னா, இந்த மாசக்கணக்குல தலைதான் முதல்ல பாதிக்கும். அளவைக் கொண்டு வாங்க, உக்காந்து பேசலாம்” என்றாள். கலைப்பதாக இருந்தால் டிசம்பர் நடுவுக்குள் சொல்லவேண்டும் என்றும் சொன்னாள். அந்த வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் திரும்பி வரும் வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வலி இல்லை, காயம் இல்லை, தோலில் ஒரு சிவப்புகூட இல்லை. கண்ணாடியில் பார்த்தால் போன மாதத்து ரென்ஸ்கேதான் தெரிகிறாள். தெரியாத ஒன்று என்னைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது, அல்லது போகவில்லை. எது என்று அந்த நாடாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மிட்டாய் வந்தது. அனுப்பவேண்டியது அது இல்லை.

ரென்ஸ்கே

*

குரோனிங்கன்
23 நவம்பர்

ரென்ஸ்கே,

ஆல்ஃபா. என் செல்லமே, ஆல்ஃபா.

படம் இதோடு இருக்கிறது. நீயே பார். ஆல்ஃபா விழும் மேல்திட்டு கறுப்பாக, தடிப்பாக இருக்கிறது. கீழே டியூட்ரான் இருக்கவேண்டிய இடம் காலி, அங்கங்கே சிதறின நாலைந்து புள்ளிகள் தவிர. லுப்பெர்ட்டின் நினைப்பை நம்பி வீடே கட்டியிருக்கலாம்.

உன் டாக்டரிடம் போய்ச் சொல். பிறகு வீட்டுக்கு வா. அடுப்பறை ஜன்னலுக்கு வேறு திரை போட்டிருக்கிறேன், கோணலாகத்தான் தொங்குகிறது. சின்ன அறையில் இருக்கும் என் வானொலிச் சாமான்களை எல்லாம் எடுத்துவிடலாம். குழந்தைக்கு அந்த அறை போதும்.

ஹார்மென்

*

ஆமெலாந்து
28 நவம்பர்

உன் கடிதம் வந்த அன்று நான் இரண்டு கிண்ணம் பட்டாணி சூப் குடித்தேன். அண்ணன் மூன்றாவதை ஊற்றிவிட்டு, “இதுவரைக்கும் உன் பங்கைப் பூனைதான் தின்னுட்டு இருந்துச்சு” என்றார். நான் சிரித்தேன். சிரிப்பு என்பது இப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. படத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். ஒரு முழு நாள் அப்படி இருந்தேன், ஹார்மென். அந்த ஒரு நாளை உன்னிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன், அதை மறுக்கவில்லை.

நேற்றுக் காலை ஜன்னல் பக்கம் வைத்து மறுபடி பார்த்தேன். சும்மா, ஆசைக்காக.

படத்தின் இடது பக்கம், மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அறுந்த கம்பி அங்கேதான் இருந்தது. அதை நான் என் கையால் மாற்றினேன். அதற்காகத்தான் உள்ளே போனேன். மாற்றி முடித்த பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். நான் உள்ளே இருந்தபோது பதிவான எந்தப் படத்திலும் அந்தக் கோடு இருக்க முடியாது.

நீ எனக்கு அனுப்பியது வியாழக்கிழமைப் படம். வியாழக்கிழமை ஆல்ஃபா என்பது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைப் படத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கத் தேவையில்லை. அது நல்லதாக இருந்திருந்தால் அதையே அனுப்பியிருப்பாய். இதை வைத்துக்கொண்டு நான் டாக்டரிடம் போயிருப்பேன் என்பதை மட்டும் யோசித்துப் பார்.

*

குரோனிங்கன்
1 டிசம்பர்

ரென்ஸ்கே,

டியூட்ரான்.

கணினி அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். தாள் வெளியே வரவரக் கீழ்த்திட்டு கறுத்துக்கொண்டே வந்தது. மேல்திட்டில் கொஞ்சம், குழாயில் மிச்சமிருந்த ஹீலியமாக இருக்கும். மற்றதெல்லாம் கீழே. தாளைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். வழியில் எங்கேயோ, உனக்கு இதை அனுப்ப முடியாது என்று முடிவாகிவிட்டது. நான் யோசித்து முடிவெடுக்கவில்லை, முடிவு தானாக வந்துவிட்டது. வியாழக்கிழமைப் படம் மேசையிலேயே கிடந்தது.

இதைச் சொன்னால் நீ இன்னும் வெறுப்பாய், ஆனாலும் சொல்லவேண்டும். நான் எண்ணிக்கூடப் பார்க்காமல்தான் பொய் சொன்னேன். எந்தத் துகள் என்று பார்த்தேன், எத்தனை என்று பார்க்கவில்லை. உன் கடிதம் வந்தபிறகு நேற்று முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். இலக்கில் பட்டுச் சிதறினவற்றை எண்ணி, கற்றை எவ்வளவு பலமாக வந்தது என்று கணக்கிட்டு, அதிலிருந்து நியூட்ரானுக்குப் போனேன். ரென்ஸ்கே, அளவு கொஞ்சம்தான். மிகவும் கொஞ்சம். லுப்பெர்ட் அப்போதுதான் கற்றையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார், அது வரும் வழியை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தாராம். கணக்குத் தாள்கள் எல்லாம் இதோடு இருக்கின்றன. தயவுசெய்து இதை நம்பு.

ஹார்மென்

*

ஆமெலாந்து
5 டிசம்பர்

ஹார்மென்,

தாள்களைப் பார்த்தேன். ஒரு தவறும் கண்ணில் படவில்லை. அதனால்தான் பயம் அதிகமாகிறது. போன முறையும் முதல் பார்வையில் ஒரு தவறும் படவில்லை.

இது உண்மையாக இருக்கலாம். என்னால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். நீ எழுதுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால், எனக்காக அதை மாற்றியிருப்பாயோ என்று தேடுகிறேன். கெட்டவன் சொன்ன பொய் என்றால் கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டுவிடலாம். நீ என்மேல் பிரியம் வைத்துச் சொல்கிறாய், அது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நானே வந்து எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் ஆள் இருக்காது. நாடாவை லுப்பெர்ட்டிடம் கொடு. நீ வராதே. வாசலில்கூட நிற்காதே.

இங்கே ஊர் முழுக்கச் சின்டர்கிளாஸ் பண்டிகை. இன்று மாலை வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஆண்கள் எல்லோரும் எருமைக் கொம்பு ஊதிக்கொண்டு தெருவில் வருவார்கள். பெண்கள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், அது இந்தத் தீவின் வழக்கம். கொம்புச் சத்தம் கேட்காதபடி அண்ணன் எனக்குப் பின்கட்டு அறையில் படுக்கை போட்டிருக்கிறார்.

ரென்ஸ்கே

*

லேயுவார்டன், படகுக்குப் போகும் பேருந்து நிலையம்
12 டிசம்பர்

ஹார்மென்,

நீ வரவில்லை. அதற்கு நன்றி.

கணினி அறைக்குப் போகவேண்டுமானால் கூடத்தின் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும். அது திறந்துதான் இருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, கற்றை நின்று வாரக்கணக்காகிறது. எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் என் கால் நகரவில்லை. லுப்பெர்ட் முன்னால் போனவர் திரும்பி வந்து, எனக்கும் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டார். “என்னைப் பார்த்துக்கிட்டே நட. நான் ஒண்ணும் அழகன் இல்லை, இருந்தாலும் பாரு” என்றார். அப்படித்தான் அந்த இடத்தைக் கடந்தேன்.

நாடாவை நானே மாட்டினேன். வெள்ளைக் கோடு இல்லை. நான் போட்ட கம்பி வேலை செய்திருக்கிறது. எனக்கும் கீழ்த்திட்டுதான் கறுத்துக்கொண்டே வந்தது. நீ அந்த அறையில் தனியாக இருந்ததை அப்போது நினைத்தேன்.

பிறகு எண்ணினேன். ஒவ்வொன்றையும் எனக்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன். இரும்பு என்னை மறைக்கவேயில்லை என்று வைத்துக்கொண்டேன். வந்ததெல்லாம் என் வயிற்றுக்கே வந்தது என்று வைத்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தும், நம்மைப் போன்ற வேலைக்காரர்களுக்கு ஒரு வருடத்துக்கு அனுமதித்த அளவில் இருபதில் ஒரு பங்குதான் வந்தது. உன் கணக்கில் அதைவிடக் குறைவு, ஏனென்றால் நீ இரும்பைச் சேர்த்திருந்தாய். சேர்த்ததுதான் முறை. உன் கணக்கு சரி.

நீ இரண்டாம் தடவை சொன்னது உண்மை. அதைத் தெரிந்துகொள்ள நான் கடல் தாண்டி வரவேண்டியிருந்தது.

இன்று காலை டாக்டர் வீர்ஸ்மாவிடம் தாளைக் கொடுத்தேன். அவளுக்கு ஒரு வரியையும் புரியாமல் விட இஷ்டமில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினாள். “இந்த அளவுக்காக நான் யாரையும் கலைச்சுக்கச் சொல்ல மாட்டேன். என் தங்கச்சியா இருந்தாலும் சொல்ல மாட்டேன். ஆனா பயப்படாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். அது என் கையில இல்லை” என்றாள்.

வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அவள் எழுதிக்கொண்டாள்.

நான் தீவுக்கே திரும்பிப் போகிறேன். நம்மைப் பற்றி என்னிடம் இப்போது கேட்காதே.

ரென்ஸ்கே

*

குரோனிங்கன்
10 ஜனவரி 1978

ரென்ஸ்கே,

நம்மைப் பற்றிக் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. மூன்று பேர் ஒரு நீளமேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாயு உருளைகளை அங்கே வைத்தது யார் என்று ரொம்ப நேரம் பேசினார்கள். நீ போனில் வந்துவிடுகிறேன் என்று சொன்னதையும் பேசினார்கள். அதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பழி உன்மேல் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. தலைவர் என்னைப் பார்த்து, “நீங்க சுத்திப் பார்த்தீங்க, அப்படித்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்கு வாகாகத்தான் கேட்டார். “காந்தத்துக்குப் பின்னால போகலை. படியில நின்னு குரல் கொடுத்தேன். பதில் வரலை, கையெழுத்துப் போட்டேன்” என்றேன். கூடத்தின் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். இனி நான் கற்றை இருக்கும் இடத்தில் வேலை செய்ய முடியாது. மாணவர்களுக்குப் பாடம் எடுக்க விடுவார்களாம்.

இதை உன்னிடமிருந்து பாராட்டு வாங்க எழுதவில்லை. எழுதும்போதே அப்படித்தான் தெரிகிறது என்று எனக்கும் தெரிகிறது.

அன்று நான் ஏன் பின்னால் போகவில்லை என்று இத்தனை நாளும் யோசித்தேன். சோம்பேறித்தனம் இல்லை. நீ அங்கே இருக்கமாட்டாய் என்று நம்பினேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புவது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது. போய்ப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது, ரென்ஸ்கே. கணக்கு சரி என்று தெரிந்தும் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் இதுவரை ஒருமுறைகூட எழுதவில்லை.

ஹார்மென்

*

ஆமெலாந்து
29 ஜனவரி

ஹார்மென்,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். அண்ணனிடம் விசாரணையைப் பற்றிச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “பரவாயில்லை, அவனுக்கும் வாய் இருக்கு” என்றார். அவர் உன்னைப் பற்றி நவம்பருக்குப் பிறகு சொன்ன முதல் வார்த்தை அது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. உன்னோடு அதே வீட்டில், அந்தக் கோணல் திரைக்குப் பின்னால், மறுபடி இருக்க முடியுமா என்றும் தெரியாது. நீ ஏதாவது நல்ல செய்தி சொன்னால் நான் இன்னும் கொஞ்ச நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அதற்கு நீ பழகிக்கொள்ளவேண்டும்.

இன்று காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ அசைந்தது. மீன் திரும்பினால் தண்ணீர் அசையுமே, அப்படி. முதலில் புரியவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தேன். மறுபடி அசைந்தது. மற்றப் பெண்கள் இந்த இடத்தில் சந்தோஷப்படுவார்கள். நான் பயந்தேன். சரியான அசைவுதானா, இவ்வளவு மெல்லவா இருக்கவேண்டும், ஏன் உடனே நின்றுபோனது என்றெல்லாம் கேள்வி கேள்வியாக வந்தது. அண்ணனிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். டாக்டரிடம் சொன்னால் குறித்துக்கொள்வாள். பயத்தைச் சொல்வதற்கு எனக்கு இருக்கிற ஒரே ஆளும் பயந்துகொண்டு குரோனிங்கனில் உட்கார்ந்திருக்கிறான்.

சனிக்கிழமை மத்தியானப் படகில் வா. துறையில் நான் இருப்பேன். உன் கையை எடுத்து வயிற்றின்மேல் வைக்கிறேன். அது அசைந்தால் அசைந்தது என்று சொல். அசையாவிட்டால், அசையவில்லை என்று சொல்.

ரென்ஸ்கே